நடுவில் வளைந்த அடிவானம்

கடலுக்கு நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

பள்ளிக்கூடம் விட்ட பின்னேரம், தாழ்வுபாட்டுக் கடற்கரையில் நின்று, பாரிசிலிருந்து புதிதாக வந்த கமராவில் வலது கண்ணை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கத்திலிருந்து நேராக ஓடி வந்த அடிவானம் நடுவில் கீழே தொய்ந்து, பிறகு மேலே ஏறி, மற்றப் பக்கம் ஒன்றும் நடக்காததுபோல நேராகப் போனது. கமராவை இறக்கிப் பார்த்தேன். கடல் ஒழுங்காக இருந்தது. திரும்பவும் வைத்துப் பார்த்தேன். பள்ளம் அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்னைத்தான் பார்த்தார்களே தவிரக் கடலைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்தது பயம் என்று அப்போதே தெரியும். ஆனால் பயம் வந்தால் நான் முதலில் செய்கிற காரியம் யாருடனாவது சண்டை பிடிப்பது. அந்த மணலிலேயே நின்று பாரிசில் இருக்கும் தம்பிக்கு ஃபோன் எடுத்தேன்.

"கண்ணைப் பொத்திக்கொண்டோ கமரா வாங்கினனி? மூண்டாவதும் பழுது."

"என்ன பழுது அக்கா?"

"கடல் வளைஞ்சு தெரியுது."

"அது கமராக்கு மேல செருகிப் பாக்கிற சின்ன ஜன்னலெல்லோ. அகலமாப் பாக்கிற ஜன்னல் எல்லாம் கொஞ்சம் வளைச்சுத்தான் காட்டும். ஓரத்தில வளையும். படத்தில வராது."

"ஓரத்தில இல்லையடா. நடுவில."

"நடுவிலயோ?" என்று மட்டும் கேட்டான். "ஓம், நடுவிலதான், என்ர காசோ உன்ர காசோ வீணாப்போனது" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன்.

நான் மன்னார் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். தம்பி பாரிசில் ஒரு பெரிய சமையலறையில் வேலை செய்கிறான். ஓய்வு நாட்களில் பழைய சாமான் சந்தைகளில் ஃபிலிம் கமராக்களைத் தேடித் திரிகிறான். அம்மா செத்த பிறகு எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போயிருந்தது. சாப்பிட்டாயா, அங்கே குளிரா, இங்கே மழையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருமுறை ஊருக்கு வந்தவன் ஒரு கமராவை என் கையில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டித் தந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எந்தக் கமரா, எந்த லென்ஸ் வில்லை என்று வாரம் தவறாமல் மணிக்கணக்கில் பேசினோம்.

அந்த வகைக் கமராவை ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். படம் விழுகிற வில்லை ஒரு வழி, நாங்கள் பார்க்கிற ஜன்னல் வேறு வழி. ஜன்னலின் நடுவில் மங்கிய மஞ்சளாக ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதற்குள் எதிரில் நிற்கிறவர் இரண்டு பேராகத் தெரிவார். வில்லையை மெல்லத் திருகினால் இருவரும் நெருங்கி வந்து ஒருவராவார்கள். அந்த நேரம் பொத்தானை அமத்தினால் படம் தெளிவாக விழும். எனக்கு அந்த இரண்டும் ஒன்றாகிற கணத்தில் அப்படி ஒரு ஆசை. முதல் சில மாதம் ஃபிலிம்கூடப் போடாமல் என் வீட்டுக்காரரை முற்றத்தில் நிறுத்தி வைத்து, அவரைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாக இருந்தேன்.

எனக்கு வேண்டியது அகல வில்லை. எங்கள் தீவில் உயரம் என்று ஒன்றில்லை. உப்பளம், கடல், கடலுக்குக் குறுக்கே பெருநிலத்துக்குப் போகும் தாம்போதிப் பாதை எல்லாம் கிடையாகக் கிடக்கின்றன. சாதாரண வில்லையால் எடுத்தால் பாதி ஊர் படத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் அகல வில்லைக்கு ஏற்ற கமராவைத் தெரிவுசெய்வது இலேசான வேலையில்லை என்று தம்பி பாடம் நடத்தினான். இருபத்தெட்டு மில்லிமீற்றர் வில்லை என்றால் சில கமராக்களின் ஜன்னலிலேயே அதற்கான எல்லைக்கோடு இருக்கும். என்னைப் போலக் கண்ணாடி போட்டவர்களுக்கு அந்தக் கோடு தெரியாது. அதைவிட அகலமான இருபத்தொன்று என்றால் கமராவின் தலையில் தனியாக ஒரு ஜன்னல் செருகவேண்டும். அகல வில்லையின் பின்பக்கம் கமராவுக்குள் ஆழமாக இறங்கும்; வெளிச்சம் அளக்கிற சின்னக் கை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற கமரா என்றால் அதில் போய் இடிக்கும். இதையெல்லாம் அவன் சொல்ல, நான் மாணவர்களின் வரைபடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே கேட்பேன். எங்களுக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எங்கள் இருவருக்குமே ஆச்சரியம்.

அவன் பாரிசிலிருந்து அனுப்பிய முதலாவது ஒரு ரஷ்யக் கமரா. அதில் எங்கள் வாசல் கேற்றுத் தூண் எவ்வளவு திருகினாலும் ஒன்றாகவில்லை. எங்கேயோ உடைந்து நெளிந்து நின்றது. பழைய இரும்பு, அப்படித்தான் என்று பேசிவிட்டு அலுமாரிக்குள் வைத்தேன். இரண்டாவது ஜப்பான் கமரா, நல்ல பெரிய ஜன்னல். மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். அதிலும் தூண் நெளிந்தது. "நான் மூண்டு தரம் பாத்துத்தான் அனுப்பினனான் அக்கா" என்று தம்பி அழாத குறையாகச் சொன்னான். நான் நம்பவில்லை. வீட்டுக்காரர் வள்ள எஞ்சின் திருத்துகிறவர். அவருடைய மிகச் சின்னத் திருப்புளியை எடுத்து, அந்தச் சதுரத்தைச் சரிசெய்கிற திருகாணியை நானே திருகினேன். ஒரு மணித்தியாலம் திருகி, என் கண்ணுக்குத் தூண் கொஞ்சம் நேரானபோது நிறுத்தினேன்.

அந்தக் கமராவோடுதான் மச்சாளின் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மைக்குப் போனேன். வெள்ளைச் சட்டையும் முடியுமாக அந்தப் பிள்ளையை முப்பத்தாறு படம் எடுத்தேன். ஃபிலிம் கொழும்புக்குப் போய்க் கழுவித் திரும்பி வந்தது. ஒரு படத்திலும் பிள்ளைக்கு முகமில்லை. மூக்கும் வாயும் மாவாகக் கரைந்துபோய் நின்றாள். மச்சாள் படங்களைக் கடிதவுறைக்குள் திருப்பி வைத்து மேசையில் வைத்தாள். பாரிசுக்காரன் அனுப்பின ஓட்டைக் கமரா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் இருபத்தொன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, தாழ்வுபாட்டில் வைத்துப் பார்த்த அந்த மூன்றாவது கமராவை வாங்குவித்தேன். நிலம் அகலம், எனக்கு இன்னும் அகலமாக வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். உண்மை வேறு. அவ்வளவு அகலமான வில்லைக்குத் தெளிவு பார்க்கத் தேவையில்லை. பத்தடியில் வைத்துவிட்டால் நாலடியிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை எல்லாம் தெளிவாக விழும். அந்த மஞ்சள் சதுரத்தை இனிப் பார்க்காமல் தப்பலாம். ஏன் தப்பவேண்டும் என்று என்னை நானே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன்.

எனக்கு ஒன்பது வருடமாகச் சலரோகம், சீனி வருத்தம். கிளினிக்கில் கண்ணைக் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். அந்தத் துண்டுகளைச் செபப்புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிடுவேன். அம்மாவுக்கும் அதே சீனிதான் கண்ணைத் தின்றது. கடைசி ஆறு வருடம் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கோயிலுக்கும் கழிவறைக்கும் நடத்திக் கொண்டுபோனவள் நான். தட்டில் சோற்றை வைத்தால், "மீன் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். ஒருநாள் அவசரத்தில் சொல்ல மறந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அம்மா வெறும் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, மீனைத் தொடாமல் வைத்திருந்தார். முள் குத்திவிடும் என்று பயமாம். என்னை யார் அப்படி நடத்துவார்கள் என்று நினைத்தால் செபப்புத்தகத்தை மூடிவிடுவேன். பிள்ளைகளும் எங்களுக்கு இல்லை.

எங்கள் குடும்பத்தில் கோபம் அம்மாவழி வந்தது. அதற்குச் சாட்சியாக ஒரு கதவுக் கதையை இப்போதும் சொந்தங்கள் கூடினால் சொல்லிச் சிரிப்போம். யுத்தம் முடிந்து திரும்பி வந்து இந்த வீட்டைத் திருத்தியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு ஓடாவியார் வந்து கதவுகளுக்கு மரவேலை செய்தார். தங்கமான மனிதர். அம்மா மட்டும் அறைக் கதவின் நிலை வளைந்திருக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஓடாவியார் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, "அக்கா, நூலைப் பாருங்கோ, நிலையைப் பாருங்கோ, ஒரு நூலிடை பிழையில்லை" என்று காட்டினார். "உங்கட நூலும் வளைஞ்சுதான் கிடக்கு" என்றார் அம்மா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு முறை நிலையைக் கழற்றிப் பூட்ட வைத்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது ஓடாவியார் வரவில்லை. அவர் போன பிறகும் அம்மா அடிக்கடி அந்த நிலையடியில் நின்று, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு நிற்பார். மரம் வழுவழுப்பாக இழைத்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தோம்.

இருபத்தொன்று வில்லையால் எடுத்த முதல் ஃபிலிம் கழுவி வந்தது ஒரு புதன்கிழமை. உறையைப் பிரித்துச் சமையலறை மேசையில் பரப்பினேன். தாழ்வுபாட்டுக் கடல். அடிவானம் நேராக இருந்தது. நம்பாமல் பள்ளிக்கூடத்தில் கோடு கீறுகிற அடிமட்டத்தை எடுத்துப் படத்தின்மேல் வைத்தேன். கடல் அடிமட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. வள்ளங்களின் கயிறு, மீன் காய்கிற பந்தலின் கம்புகள், தூரத்தில் போன சைக்கிளின் கம்பிகூடத் தெளிவு. கமராவில் ஒரு குறையுமில்லை.

ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். மெய்யாகவே மகிழ்ந்தேன், தம்பியைக் கூப்பிட ஃபோனைக்கூட எடுத்துவிட்டேன். பிறகுதான் நினைப்பு வந்தது. படத்தை நான் இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன். கமராவில் வலது கண்ணால் மட்டும் பார்க்கிறேன்.

இடது கண்ணைக் கையால் பொத்தினேன். அடிமட்டம் நடுவில் தொய்ந்தது.

அதிலிருந்து நான் வீட்டில் எதையும் சும்மா பார்க்கவில்லை. ஜன்னல் கம்பி, குளியலறை ஓடு, மாணவர்களின் கொப்பியில் அச்சடித்த கோடு, எல்லாவற்றையும் இடது கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்தேன். எல்லாம் ஒரே இடத்தில் தொய்ந்தன. வகுப்பில் சமவுயரக்கோடு கீறிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. "ரீச்சர், என்ன?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். தலையிடி என்றேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வாயால் சொன்னால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். நாற்பத்தொன்பது வயதில், படிப்பிக்கிற ஒருத்திக்கு இருக்கவேண்டிய புத்தி அன்று எனக்கு இருக்கவில்லை. இருபத்தைந்து நாள் அப்படியே ஓட்டினேன்.

இருபத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மடுவுக்குப் போவோம் என்று நானே கேட்டேன். மோட்டார் சைக்கிளில் போனோம். கோயில் வெளியில் மெழுகுதிரி விற்கிற கடையில், வெள்ளித்தகட்டில் அடித்த கை, கால், கண், பிள்ளை எல்லாம் தொங்கும். நேர்த்திக்கு வாங்கி மாதாவின் பாதத்தில் வைப்பார்கள். வீட்டுக்காரர் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன நேரம் பார்த்துக் கடைக்காரப் பெண்ணிடம் ஒரு கண் கேட்டேன்.

"ஒற்றைக் கண் இல்லை அன்ரி. சோடியாத்தான் வரும்."

"எனக்கு ஒண்டு மட்டும் காணும் பிள்ளை."

"மற்றக் கண்ணுக்கும் சேத்து வையுங்கோவன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் இடது கண்ணைப் பற்றி நான் அதுவரை நினைத்தும் பார்க்கவில்லை. சோடியை வாங்கிக்கொண்டு அங்கிருந்த மரவாங்கில் அமர்ந்து அழுதேன். தண்ணீரோடு திரும்பி வந்த வீட்டுக்காரர் என் கையில் இருந்த இரண்டு தகட்டுக் கண்களையும் பார்த்தார்.

"உமக்கோ?" என்றார்.

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"முதலாவது கமராவிலயிருந்து."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டித் தப்பியிருப்பேன். மாதாவிடம் போய் வணங்கிவிட்டு வெளியே வந்ததும், "நாளைக்கு லீவு போடும். யாழ்ப்பாணம் போவம்" என்று மட்டும் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டுக் கதிரையில் இருத்தினார்கள். கறுப்புமணி விரிந்து, வெளிச்சம் எல்லாம் பாலாகக் கரைந்தது. அம்மாவின் உலகம் இப்படித்தான் தொடங்கியதோ என்று நினைத்துக் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் என் மாணவி வயதுப் பெண். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, நடுவில் உள்ள புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணால் பார்த்தேன். புள்ளியைச் சுற்றிய கட்டங்கள் சுருங்கி உள்ளே விழுந்திருந்தன. இடது கண்ணைத் திறக்கச் சொன்னபோது திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"திறவுங்கோ ரீச்சர். பாக்காமல் விட்டா நல்லாயிருக்கும் எண்டு இல்லைத்தானே."

திறந்தேன். கோடுகள் நேராக இருந்தன. அப்போதும் எனக்கு ஆறுதல் வரவில்லை.

வலது கண்ணின் நடுப்பகுதியில் நீர் கட்டியிருக்கிறது, சீனியால் வந்தது என்றார். கண்ணுக்குள் ஊசி போடவேண்டும், மாதம் ஒன்றாகச் சில ஊசி; இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமுடியாது. மற்றக் கண்ணையும் விடாமல் பார்க்கவேண்டும். இவ்வளவையும் எழுதிக்கொண்டே, "வீட்டில வேற ஆருக்கும் இப்பிடிக் கோடுகள் வளைஞ்சு தெரிஞ்சதோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஓடாவியாரின் தூக்குக்குண்டும் நூலும் என் முன்னால் தொங்கின.

ஊசி போடுகிறபோது கண் மரத்திருந்தது. வலி இல்லை, ஆனால் ஊசி வருவது தெரிந்தது. உள்ளே ஏதோ கறுப்பாகச் சுழன்று கரைந்தது. மாதாவின் செபம் சொல்லத் தொடங்கி நடுவில் மறந்துபோனேன். அருள் என்பதற்கு அடுத்து என்ன சொல் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, கட்டோடு படுத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கமரா மூன்றும் நல்லது, ஒன்றை நான்தான் திருகிப் பழுதாக்கினேன் என்றும் சொன்னேன்.

"நடுவில எண்டு சொன்ன அண்டைக்கே எனக்கு அம்மாவின்ர கதவு ஞாபகம் வந்தது அக்கா."

"பிறகேன் சொல்லேல்லை?"

"பயந்துபோனன். கமராதான் பழுதாயிருக்கட்டும் எண்டு நேந்துகொண்டிருந்தனான்."

நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என்னால் அவனைத் திட்ட முடியவில்லை. அதற்குமேல் அன்று இருவரும் கமராவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கமராக்கள் வலது கண்ணுக்கென்று செய்யப்பட்டவை. இடது கண்ணை வைத்தால் மூக்கு கமராவின் முதுகில் நசியும், ஃபிலிம் சுற்றுகிற கை நெற்றியில் இடிக்கும். தலையில் செருகிய ஜன்னலோடு இருபத்தொன்றில் அந்தச் சிக்கல் குறைவு. அதனால் அதைத்தான் வைத்திருக்கிறேன். திருகாணியைத் திருகிய கமராவைத் தம்பி பாரிசுக்கு எடுப்பித்துச் சரி செய்துவிட்டான். மச்சாளின் மகளுக்கு மறுபடி வெள்ளைச் சட்டை போடுவித்துப் படம் எடுக்க முடியாது. அது அப்படியே போய்விட்டது.

மூன்று ஊசி முடிந்திருக்கிறது. வலது கண்ணில் பள்ளம் ஆழம் குறைந்திருக்கிறது என்று சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது. ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடமுன் அம்மாவின் அறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறேன். வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணால் அந்த நிலையை மேலிருந்து கீழே பார்க்கவேண்டும். பொத்திய கையோடு, இடது கண்ணையும் மூடியபடி, திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த நேரத்தில்தான் அம்மா எனக்கு விளங்கினார். மரத்தின் வழுவழுப்பை அவர் பார்க்கவில்லை. நிலை நேராகத்தான் நிற்கிறது என்று கை அவருக்குச் சொல்லியிருக்கிறது. பிழை எங்கே என்று அவருக்குத் தெரியும். ஓடாவியார் குற்றவாளியாக இருக்கும்வரை கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எங்களுடைய சிரிப்பைக் கேட்டுக்கொண்டு, தனியாகப் பயந்திருக்கிறார்.

இன்று காலை கண்ணைத் திறந்தேன். நிலை நேராக இருந்தது. அப்படியிருந்தும், போகமுன் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே ஒருதரம் தடவிப் பார்த்தேன்.